எதிரே ஒரு காது

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய எல்லை மாற்றச் சட்டத்தின்படி, சித்தூர் மாவட்டத்துத் தாலுகா செங்கல்பட்டு மாவட்டத்துத் தாலுகா ஆனது. மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. 365 படிகளும் அப்படியே. மாறினது தாலுகா ஆபீஸ் முத்திரையும் மனு எழுதுகிற மொழியும். வீட்டுக்குள் பேசுகிற பேச்சை எந்தச் சட்டமும் தொடவில்லை. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் அம்மாவிடம் தெலுங்கு, வாத்தியாரிடம் தமிழ், அவ்வாவிடம் இரண்டும் சேர்ந்து கொதித்த மூன்றாவது ஒன்று. அந்தத் தமிழும் சாதாரணத் தமிழ் கிடையாது. 'வந்துகினு', 'இஸ்துகினு' என்று வடாற்காட்டு வாடை அடிக்கும்.

எங்கள் ஊரைப் பற்றிக் கூகுளில் தேடினால் முருகனுக்கு அடுத்து இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ராதாகிருஷ்ணன். 1888-இல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதி உலகப் பேர் வாங்கியவர். இன்னொருவர் ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தி, திருப்பதி கிடைக்காமல் போனாலும் திருத்தணியை வாங்கிவந்தவர். அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய, வெளியூரில் அதிகம் தெரியாத பெயர் மங்கலங்கிழார். எல்லைப்புற ஊர்களில் தமிழ் வகுப்புகள் நடத்திய புலவர். அந்த வகுப்புகள் இல்லாமல் போராட்டத்துக்கு ஆளே சேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகையில் கம்பாசிட்டராக இருந்தார். அடுத்தவர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அடுக்குகிற வேலை. ஒரு வாக்கியம் எங்கே இழுக்கிறது, எங்கே முடிகிறது என்பதை விரல் வழியாகப் படித்த மனுஷன். 1966-இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பள்ளிக்கூடப் படிப்பைவிட அச்சுக்கூடப் படிப்பு கெட்டியாக நின்றுவிட்டது.

மொழியை வகுப்பில் படிக்கலாம், அச்சுக்கூடத்தில் படிக்கலாம். கதை எழுதுவதை எங்கே படிக்கிறது? திருத்தணி மாதிரி ஊரிலிருந்து கேட்கும்போது இந்தக் கேள்விக்கு இன்னொரு முள்ளும் உண்டு. வீட்டில் ஒரு மொழி, தாளில் ஒரு மொழி என்று இருக்கிறவன் எந்தக் காதை வைத்துக்கொண்டு கதை எழுதுவான்?

இப்போது வழிக்குப் பஞ்சமில்லை. சனி, ஞாயிறு ஜூம் பட்டறை இருக்கிறது. மூன்று அங்க அமைப்பு, நாயகனின் பயணம், முதல் வரியிலேயே வாசகனைப் பிடிப்பது எப்படி என்று ஸ்லைடு போட்டுச் சொல்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம் என்றால் ஏஐ-யிடம் கேட்டால் பத்து விநாடியில் கதைச் சுருக்கம் வந்துவிடும். இவற்றைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. மூன்று அங்கம் பயனுள்ள சங்கதிதான். ஆனால் தமிழில் கதை எழுதக் கற்றுக்கொண்ட சிலருடைய வரலாற்றைப் பார்த்தால், இந்தப் பட்டறைகளில் கடைசி இருபது நிமிஷத்துக்குத் தள்ளப்படுகிற ஒரு விஷயம்தான் அவர்களுக்கு முழுப் பாடமாகவே இருந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒரு ஆள்.

*

வை.மு. கோதைநாயகி 1901-இல் பிறந்தார். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கதை சொல்வார், சுற்றி இருக்கிற பிள்ளைகள் கேட்கும். கணவர் பார்த்தசாரதி நாடகத்துக்கு அழைத்துப் போவார். பார்த்துவிட்டு வந்து தானும் ஒரு நாடகம் கட்டினார், மனசுக்குள்ளேயே. தாளில் இறக்கச் சரளமான எழுத்துப் பழக்கம் இல்லை. தோழி பட்டம்மாள் உட்கார்ந்து எழுத, இவர் சொல்லச் சொல்ல உருவானது 'இந்திர மோகனா'. 1924-இல் அச்சில் வந்தது.

இந்தச் சம்பவத்தை வழக்கமாக ஒரு சாதனைக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். படிக்காத பெண் நாவலாசிரியை ஆனார், கை தட்டுங்கள் என்று. எனக்குப் பட்டம்மாள் மேல்தான் கண் போகிறது. ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதும்போது அந்த அறையில் என்ன நடக்கும்? எழுதுகிற கை ஒரு இடத்தில் நிற்கும். 'இவ எப்ப உள்ள வந்தா?' என்று கேட்கும். சொல்கிறவர் பின்னால் போய் ஒரு கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டுவிட்டு வர வேண்டும். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் தோழி சிரிக்கவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். பட்டம்மாளின் வீட்டில் இப்படித்தான் நடந்தது என்று நான் சாட்சி சொல்ல முடியாது. யாருக்காவது வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

கோதைநாயகி அதற்கப்புறம் எழுதப் பழகினார். 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தினார். 1960-இல் இறக்கும்போது நூறுக்கு மேல் நாவல்கள். அந்த நாவல்களை இன்று திறந்தால் பக்கம் பக்கமாக உரையாடல் ஓடும், இடையில் நீளமான உபதேசம் வரும். இலக்கிய விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அது நியாயமான சுளிப்புதான். ஆனால் எப்போது நிறுத்தினால் கேட்கிறவள் 'அப்புறம்?' என்பாள் என்ற கணக்கு மட்டும் அவரிடம் தப்பவில்லை.

அதே காலத்தில் ஆண்களுக்கு வேறு பள்ளிக்கூடம் இருந்தது: தழுவல். எங்கள் வடாற்காட்டுப் பக்கத்து ஆரணி குப்புசாமி முதலியார், இங்கிலாந்தில் மலிவு விலையில் விற்ற ரெய்னால்ட்ஸ் நாவல்களை எடுத்து, ஆட்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, தமிழ் வாசகர் மடியில் போட்டார். கேவலமாகத் தோன்றலாம். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமர'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1915-இல் 'விவேகபோதினி'யில் வந்தது, அவர் புதுச்சேரியில் தலைமறைவாய் இருந்த காலம். தமிழின் முதல் சிறுகதை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. (பாரதியை முன்னால் வைப்பவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு இப்போது போகவில்லை.) தாகூரின் ஒரு கதையில் ஆற்றங்கரைப் படித்துறை பேசும், தன் மேல் நடந்து போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும். ஐயரின் கதையில் குளத்தங்கரை அரசமரம் பேசும், ருக்மிணியின் கதையைச் சொல்லும். தாகூரின் நிழல் அதில் விழுந்திருப்பதைப் பலரும் எடுத்துக்காட்டிவிட்டார்கள்.

எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. படித்துறையை அரசமரமாக மாற்றின அந்த ஒரு முடிவைப் பாருங்கள். நம் ஊரில் எல்லாரும் வந்து உட்கார்ந்து வம்பு பேசுகிற இடம் அரசமரத்தடி. ஊர்ப் பேச்சு முழுவதும் காதில் விழுகிற ஒரு ஜீவன் வேண்டும் என்றால் மரம்தான் சரி. அடுத்தவர் கதையைத் தன் ஊருக்குத் தூக்கிவரும்போது எதை விட வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று யோசிப்பதே ஒரு பாடம். ஐயரின் மரமும் முதலில் ஒரு கேட்கிற காது, பிறகுதான் சொல்கிற வாய்.

1933-இல் தொடங்கி, 1935-இல் பி.எஸ். ராமையா கையில் சிறுகதைப் பத்திரிகையாக மாறின 'மணிக்கொடி'யைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அங்கேயும் பாடத்திட்டம் இல்லை. மாப்பசானையும் செக்காவையும் ஆங்கிலத்தில் படித்து மொழிபெயர்த்த ஒரு கூட்டம், ஒருவர் கதையை ஒருவர் படித்துச் சண்டை போட்டது. அவ்வளவுதான் பள்ளிக்கூடம். அமெரிக்காவில் 1936-இல் அயோவா பல்கலைக்கழகம் எழுத்துப் பட்டறையை ஆரம்பித்தபோது அதன் மையத்திலும் இதைத்தான் வைத்தார்கள்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துச் சொல்வது. அவர்கள் அதற்குப் பட்டம் கொடுத்தார்கள், மணிக்கொடிக்காரர்களுக்கு மிஞ்சியது கடன்.

*

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இடைசெவலைப் பற்றி. திருத்தணியிலிருந்து பார்த்தால் தமிழ்நாட்டின் இன்னொரு கோடி, கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம். ஆனால் எங்கள் கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. ஏனென்றால் அந்தச் சின்ன ஊரிலிருந்து வந்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் இரண்டு பேருக்குமே தாய்மொழி தெலுங்கு. இருவரும் ஏறக்குறைய ஒரே வயசு. சாகித்திய அகாதெமி விருது இரண்டு பேருக்கும் கிடைத்தது, தமிழுக்கு.

அழகிரிசாமி படித்தார், பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், அது பிடிக்காமல் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். கி.ரா. ஏழாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு ஊரில் விவசாயம் பார்த்தார், காசநோயில் கிடந்தார், விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனார். இரண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். இரண்டு பேருக்கும் டி.கே.சி.யின் பழக்கம் உண்டு. ஒரு கம்பன் பாட்டை எடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நாக்கில் வைத்துச் சுவைக்கிற ரசனை அங்கே நடந்தது. அவர்களுக்குக் கிடைத்த இலக்கியப் பயிற்சியில் பாதி அது. மீதிப் பாதி தபாலில் நடந்தது.

ஒருவர் ஊரை விட்டுப் போனதால் கடிதம் வந்தது. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதினவை பிறகு புத்தகமாகவே வந்திருக்கின்றன. படித்தது, கேட்டது, காசு இல்லாதது, உடம்பு முடியாதது எல்லாம் அதில் உண்டு. கி.ரா.வைப் பொறுத்தவரை கதைக்கு முன்னால் வந்தது கடிதம்தான். அவருடைய முதல் கதை 'மாயமான்' 1958-இல் 'சரஸ்வதி'யில் வந்தபோது அவருக்கு வயசு முப்பத்தைந்தை ஒட்டி. அவ்வளவு காலமும் சும்மா இருந்தார் என்று கணக்கு வைக்கக் கூடாது. கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கடிதம் எழுதுகிறவனுக்கு வாசகன் யார் என்ற குழப்பமே கிடையாது. அவன் முகம் தெரியும். எந்த வார்த்தைக்குச் சிரிப்பான், எதை விளக்க வேண்டாம், எதைச் சொன்னால் கோபித்துக்கொள்வான் என்று தெரியும். இன்றைய பட்டறைகளில் 'உங்கள் குரலைக் கண்டுபிடியுங்கள்' என்கிறார்கள். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் குரல் எங்கிருந்து வரும்?

இனி கதைகளுக்குப் போகிறேன். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' முந்தியது. ஒரு விளையாட்டில் ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் படங்களை வைத்துப் போட்டி போடுகிறார்கள். 'என்னிடம் இருக்கு, உன்னிடம் இருக்கா?' என்கிற அந்தக் காலத்துப் போட்டி, பிறகு சட்டைக்குப் போகிறது, வீட்டிலுள்ள மற்றதற்குப் போகிறது. ஒரு பையன் பணக்கார வீடு. மற்றதுகள் தீபாவளிக்குத் துணி வாங்கவே கஷ்டப்படுகிற வீடு. அந்த ஏழை வீட்டுக்கு ராஜா என்ற பெயருள்ள ஒரு அநாதைப் பையன் வந்து சேர்கிறான். அந்தத் தாய் அவனைக் குளிப்பாட்டி, இருக்கிற துணியைக் கட்டிவிடுகிறாள். மறுபக்கம், பணக்கார வீட்டுக்கு ஜமீன்தார் மாப்பிள்ளை வருகிறார், நிஜமான 'ராஜா'. அந்தப் பையன் பெருமையடிக்கும்போது, சின்னப்பெண் மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதைச் சொல்கிறாள்.

இந்தக் கடைசி வரியை உருக்கமான முடிவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது ஏன் வேலை செய்கிறது? முதல் பக்கத்திலேயே விளையாட்டின் விதியை அழகிரிசாமி நம் காதில் போட்டுவிட்டார். ஒருவன் ஒன்றைச் சொன்னால் மற்றவன் அதற்குச் சமமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசியில் மங்கம்மாள் அன்பைப் பற்றியோ ஏழைகளின் பெருந்தன்மையைப் பற்றியோ பேசவில்லை. போட்டியில் தன் முறைக்கு ஆடுகிறாள், அவ்வளவுதான். ஆசிரியர் வாயே திறக்கவில்லை.

கி.ரா.வின் 'கதவு' 1965-இல் தொகுப்பாக வந்தது. அதுவும் விளையாட்டில்தான் ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக்கி, டிக்கெட் கொடுத்து, முன்னும் பின்னும் ஆட்டிச் சவாரி போகிறார்கள். தீர்வை கட்டாததால் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள் அரசாங்கத்து ஆட்கள். அப்பா பிழைக்க வெளியூர் போயிருக்கிறார். கதவில்லாத வீட்டில் குளிர் புகுந்து, கைக்குழந்தை போய்விடுகிறது. கடைசியில் பிள்ளைகள் கதவைக் கண்டுபிடித்து அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் பக்கத்தில் அது பஸ். அதனால்தான் கடைசிப் பக்கத்தில் அது வெறும் மரச்சட்டமாக இல்லை.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஊரின் இரண்டு நண்பர்கள், வறுமையைப் பற்றிய தங்கள் கதைகளைப் பிள்ளைகளின் விளையாட்டில் ஆரம்பித்து, அந்த விளையாட்டின் விதியை வைத்தே நம்மை அடிக்கிறார்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. மூன்று அங்கம் என்கிற சட்டத்தில் இதைப் பொருத்தலாம். பொருத்தினால் 'ஆரம்பத்தில் ஒன்றை நாட்டு, முடிவில் அறுவடை செய்' என்று ஒரு சூத்திரம் கிடைக்கும். சூத்திரம் சரிதான். எந்த விளையாட்டு, யார் டிக்கெட் கொடுத்தது, யார் முந்தினது என்பதெல்லாம் சூத்திரத்தில் வராது. அதற்கு இடைசெவல் தெருவில் உட்கார்ந்து பிள்ளைகள் பேசுவதைக் கேட்டிருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் இரண்டு பேரும் வேறு வேறு வழி. அழகிரிசாமியின் நடை சுத்தமான எழுத்துத் தமிழ். எந்த மாவட்டத்துக்காரர் என்றே சட்டென்று தெரியாது. ஊர் அவருடைய ஆட்களின் நடத்தையில் இருக்கும். கி.ரா. நேர் எதிர். உரையாடலில் மட்டும் என்றில்லை, கதை சொல்கிற குரலே கரிசல் பேச்சு. வீட்டுத் தெலுங்கையும் வேண்டிய இடத்தில் உள்ளே விட்டுவிடுவார். அந்தப் பேச்சுக்கு அகராதி இல்லையே என்று 1982-இல் தானே கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் கொண்டுவந்தார். ஏழாம் வகுப்புக்காரர் அகராதி போட்டிருக்கிறார்! எல்லைப்புறத்துக்காரனாக எனக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி. வீட்டுமொழி வேறாக இருப்பவன் இரண்டு வழியிலும் போகலாம் என்று ஒரே தெருவில் நிரூபித்து வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு மொழியைக் கேட்டுப் பழகினவனுக்கு அதில் சில சத்தங்கள் கூடுதலாகவே கேட்கும் என்றுகூடச் சொல்வேன். தாய்மொழிக்காரர் காதில் தேய்ந்துபோன சொல், இவன் காதில் புதுசாக விழும்.

*

ஆள் எதிரே இல்லாத இடத்தில் என்ன செய்வது? மலாயாவில் இந்தக் கேள்விக்கு ஒரு பத்திரிகை பதில் கண்டுபிடித்தது. 1950 கடைசியில் கோலாலம்பூரின் 'தமிழ் நேசன்' தன் ஞாயிறு பதிப்பில் 'கதை வகுப்பு' என்று ஒன்றை ஆரம்பித்தது. நடத்தியவர்கள் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இரண்டு பேர். கதை என்றால் என்ன, கரு எப்படி, பாத்திரம் எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம். வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும். தேர்வு வைத்துத் தரமும் பிரித்தார்கள். 1951 வரை நடந்தது.

அந்தக் காலத்து மலாயாவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பான்காரன் காலம் முடிந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் தோட்டந்தோறும் இருந்தன. அவ்வளவு நடந்திருக்கிறது, ஆனால் பத்திரிகைகளில் வந்த கதைகளில் பல, கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த ஊரை நினைத்து எழுதியவை. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் லாந்தர் வெளிச்சத்தில் எழுதுகிற ஒருவனுக்குப் பக்கத்தில் கதையைப் பற்றிப் பேச யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கோலாலம்பூரில் ஒருவர் தன் கதையைப் படித்துக் குறை சொல்வார் என்ற நம்பிக்கை வருகிறது.

மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வகுப்பை ஒரு திருப்பமாகவே குறிக்கிறார்கள். அங்கே பிறகு பேர் சொல்லும்படி எழுதியவர்கள் சிலர் அதிலிருந்து வந்தவர்கள். அதில் சொல்லிக்கொடுத்த விதிகள் இன்றைய ஜூம் பட்டறை விதிகளிலிருந்து ரொம்ப வேறாக இருந்திருக்காது. வேலை செய்தது தபால்தான் என்பது என் ஊகம். தோட்டத்திலிருந்து போன காகிதத்தை யாரோ உட்கார்ந்து படித்தார்கள் என்கிற விஷயம்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1952-இல் சிங்கப்பூரின் 'தமிழ் முரசு' பத்திரிகையில் 'ரசனை வகுப்பு' வந்தது. கதையை எப்படிப் படிப்பது, எது நல்ல கதை என்று விவாதம். எழுதக் கற்றுக்கொடுத்த பிறகு, படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். வரிசை தலைகீழ் மாதிரி தோன்றும், ஆனால் எழுதிப் பார்த்தவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்பது உறைக்கும்.

அதே 1952-இல் கோலாலம்பூருக்கு, அதே 'தமிழ் நேச'னுக்கு ஆசிரியராகப் போய் இறங்கியவர் நம் அழகிரிசாமி. ஐந்து வருஷம் அங்கே இருந்தார். கதை வகுப்பு கிளறிவிட்ட மண்ணில், 'இலக்கிய வட்டம்' என்று எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளைப் பேசவைத்தார். இடைசெவலில் நண்பனோடு செய்ததை, மலாயாவில் பத்துப் பேரோடு செய்தார் என்று எனக்குத் தோன்றும். விதிப் புத்தகம் போடவில்லை. புனைகதை பற்றி விதி எழுதுகிற ஆசை பிறருக்கு இருந்தது, அகிலன் 'கதைக் கலை' எழுதினார், ரா.கி. ரங்கராஜன் 'எப்படிக் கதை எழுதுவது' எழுதினார். இரண்டுமே படிக்கலாம், குறிப்பாக ரா.கி.ரா.வினுடையது. பத்திரிகை மேசையில் பல வருஷம் வந்து குவிந்த கதைகளைப் படித்து நொந்துபோன மனுஷனின் நடைமுறை ஞானம் அதில் இருக்கிறது. அவரும் ஒரு வகையில் எதிரே உட்கார்ந்தவர்தானே.

என் பிழைப்பில் 'கோட் ரிவ்யூ' என்று ஒன்று உண்டு. நான் எழுதின நிரலை இன்னொருத்தர் வரி வரியாகப் படித்து, 'இது எதுக்கு?' என்று கேட்பார். நான்கு வருஷ இன்ஜினீயரிங்கில் வராதது அந்த இரண்டு சொற்களில் வந்துவிடும். புத்தகத்தில் இருக்கிற விதி எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் எனக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிற ஒன்று அவருக்குத் தெரியவில்லை என்பதை அவர் இல்லாமல் நான் கண்டுபிடிக்க முடியாது. ஏஐ-யிடம் கொடுத்தாலும் ரிவ்யூ வருகிறது, வேகமாகவே. அது எதையும் பாராட்டும், எதையும் திருத்தும். அதற்கு அலுப்புத் தட்டாது என்பதுதான் கதை விஷயத்தில் சிக்கல். பட்டம்மாளின் கை நின்றதைப் போல அது நிற்காது. காசு கட்டிப் பட்டறைக்குப் போகிற நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அங்கே யாராவது உன் கதையை முழுக்கப் படிக்கிறார்களா? ஆமாம் என்றால் காசு வீணில்லை.

*

அழகிரிசாமி 1970 ஜூலையில் இறந்தார். நாற்பத்தாறு வயசு. 'அன்பளிப்பு' தொகுப்புக்கு அகாதெமி விருது அவர் போன பிறகு வந்தது. அந்தத் தலைப்புக் கதையிலும் மையத்தில் ஒரு பையன், புத்தகங்கள், யாருக்குக் கிடைத்தது யாருக்குக் கிடைக்கவில்லை என்கிற பிள்ளைகளின் கணக்கு.

கி.ரா. அதற்கப்புறம் அரை நூற்றாண்டு இருந்தார், 2021 மே மாதம் வரை. 1989-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அந்த ஏழாம் வகுப்புக்காரரைப் பேராசிரியராக அழைத்தது. அங்கே போய் அவர் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கிற வேலையில் இறங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயில் இருக்கிற கதைகளைக் கேட்டு எழுதுவது. பல்கலைக்கழகத்துக்குள் பட்டம்மாளின் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்ட மாதிரி.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நண்பர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1976-இல் 'கோபல்ல கிராமம்' வந்தது. ஆந்திரத்திலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றத் தெற்கே ஓடிவந்த குடும்பங்கள், காடு அழித்துக் கரிசலில் ஊர் உண்டாக்கின கதை. அந்தப் பயணத்தை நாவலில் ஆசிரியர் நேராகச் சொல்வதில்லை. நூறு வயசு தாண்டிய மங்கத்தாயாரு என்கிற பாட்டி, தன்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற வீட்டு ஜனங்களுக்குச் சொல்கிறாள். அவள் சொன்னது தெலுங்கில்தான் இருந்திருக்கும்.